முன்னால் போகிறவர் ஏன் தோற்கிறார்?



நம் சுவர் இதழில் கிரிக்கெட்டைப் பற்றி நிறைய வந்துவிட்டது. இந்த முறை ஒரு மாறுதலுக்குச் சைக்கிள் பந்தயம். பொங்கல் விளையாட்டு விழாவில் நடக்கிற ஸ்லோ சைக்கிள் போட்டி இல்லைங்க. ஜூலை மாதம் பிரான்சு நாட்டில் மூன்று வாரம் நடக்கிற 'டூர் டி பிரான்ஸ்'. நான்கு வருடமாக அதை விடாமல் பார்த்து வருகிறேன். அங்கே மாலை ஐந்தரை மணி என்றால் நமக்கு இரவு ஒன்பது. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, அண்ணனுடைய கைப்பேசியில் கடைசி ஒரு மணி நேரம் பார்த்துவிடலாம்.

ஒருநாள் என் அப்புச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில், "ஏங்கண்ணு, அத்தனை தூரம் முன்னாடி போனவன் கடைசியில தோத்துப் போறான். பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தவன் ஜெயிக்கிறான். இதென்ன நியாயம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் இந்த விளையாட்டே புரிந்துவிடும்.

பந்தயம் எப்படி நடக்கிறது?

இதைத் தொடங்கியது ஒரு பத்திரிகை! 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக 1903-ல் இந்தப் பந்தயத்தை நடத்தியது. 60 பேர் புறப்பட்டார்கள், 21 பேர்தான் முடித்தார்கள். ஜெயித்தவர் மோரிஸ் கரான். அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. முதலிடத்தில் இருப்பவர் போடும் சட்டையும் 1919 முதல் மஞ்சள் நிறமானது.

இப்போது 21 நாள் ஓட்டம், நடுவில் 2 நாள் ஓய்வு. மொத்த தூரம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். ஓர் அணிக்கு 8 பேர். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. மலையில் முந்துகிறவருக்குச் சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளைச் சட்டை. சமவெளியில் பாய்ந்து புள்ளி சேர்ப்பவருக்குப் பச்சைச் சட்டை. 25 வயதுக்கு மேற்படாதவர்களில் முதல்வருக்கு வெள்ளைச் சட்டை.

எதிரி யார்? காற்று!

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது நமக்குத் தெரியும். எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர். இருபக்கமும் கடலைக்காடு, காற்றுக்குத் தடுப்பே கிடையாது. ஆடி மாதம் மேற்கே பார்த்து மிதித்தால் வண்டி நகரவே நகராது. நாங்கள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக வருவோம். முன்னால் போகிறவருக்கு மூச்சு வாங்கும், பின்னால் வருகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் ஆள் மாற்றிக்கொள்வோம். எட்டாவது படிக்கிற தம்பிக்கு மட்டும் அந்த முறை கிடையாது, அவன் எப்போதும் நடுவில்.

அந்தப் பந்தயத்தின் ரகசியமும் இவ்வளவுதான். புவியியலில் மழை மறைவுப் பிரதேசம் படித்தோமே, அதுபோல முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு காற்று மறைவு உண்டாகிறது. காற்றே வீசாத நாளிலும் இப்படித்தான். ஏனென்றால் வேகமாகப் போகும்போது நாமே காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2018-ல் 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தை ஆராய்ந்தார்கள். தனியே ஓட்டுகிறவர் தாங்கும் எதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் கூட்டத்தின் நடுவில், பின்பக்கம் இருப்பவருக்கு வருகிறதாம்!

முன்னால் தனியாகப் போனவர் காற்று முழுவதையும் தன் நெஞ்சில் வாங்குகிறார். கூட்டத்தில் இருப்பவர்கள் முறை மாற்றி மாற்றி மிதித்து அவரைப் பிடித்துவிடுகிறார்கள். தோற்பவர் சோம்பேறி இல்லை, அவர்தான் அதிகம் உழைத்தவர்.

காற்றை அலட்சியம் செய்தவர் கதை ஒன்று சொல்கிறேன். 1989-ல் கடைசி நாள். பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலை. அன்றைக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டும், யாருக்கும் யார் முதுகும் கிடையாது. அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் கைப்பிடியில் நீட்டுக்கம்பி பொருத்தி, உடலைக் குனித்து, காற்றை வழுக்கவிடும் தலைக்கவசம் போட்டு ஓட்டினார். ஃபின்யோன் தலைமுடி பறக்க ஓட்டினார். மூன்று வாரம் ஓட்டிய பிறகு லெமாண்ட் ஜெயித்தது வெறும் 8 விநாடியில்!

எச்சரிக்கை: காற்று மறைவு கிடைக்கிறதே என்று நம்ம நாமக்கல் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். டிரைவருக்கு நாம் கண்ணிலேயே தெரிய மாட்டோம். அவர் பிரேக் போட்டால் அதோடு சரி. அந்தப் பந்தயத்திலேயே காருக்குப் பின்னால் மறைந்து ஓட்டினால் தண்டனை உண்டு.

பெயர் தெரியாத ஏழு பேர்

அணியில் 8 பேர் என்றேன். பெரும்பாலும் ஒருவர்தான் தலைவர், மற்றவர்கள் அவருக்காக உழைப்பவர்கள். காற்றைத் தடுப்பார்கள். பின்னால் வரும் காருக்குப் போய்த் தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். தலைவர் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். இவர்களைப் பிரெஞ்சில் 'டொமெஸ்டீக்' என்பார்கள், வேலையாள் என்று பொருள்.

1934-ல் ரெனே வியெட்டோ என்ற 20 வயது இளைஞர் மலைகளில் எல்லோரையும் திணறடித்தார். பிரனீஸ் மலையில் அவருடைய தலைவர் அந்தோனின் மாஞ் விழுந்து சக்கரம் கெட்டது. வியெட்டோ தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை காத்திருந்தார். சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அவர் அழும் படம் மிகவும் புகழ்பெற்றது. மறுநாளும் தலைவரின் வண்டி கெட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த வியெட்டோ திரும்பி, இறங்கிய மலையில் மறுபடி ஏறிப் போய் உதவினார். மாஞ் பட்டம் வென்றார். வியெட்டோ ஐந்தாவது.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்று. பெண்களுக்கான இப்போதைய டூர் 2022 முதல் நடக்கிறது. 2024-ல் மஞ்சள் சட்டையோடு இருந்த நெதர்லாந்தின் டெமி வோல்லரிங் ஐந்தாவது ஓட்டத்தில் கீழே விழுந்து ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார். அன்றைய வெற்றி அவருடைய அணியைச் சேர்ந்த இன்னொருவருக்கு. கடைசி நாள் மலையில் வோல்லரிங் முதலாவதாக வந்தார். ஆனால் பட்டம் போலந்தின் காசியா நியவியாடோமாவுக்கு, 4 விநாடி வித்தியாசத்தில்! விழுந்த இடத்தில் கூட இருந்து இழுக்க ஆள் இருந்திருந்தால்? நான்கு விநாடி எவ்வளவு என்று கையைத் தட்டி எண்ணிப் பாருங்கள்.

கொல்லிமலையும் ஆல்ப்ஸ் மலையும்

அந்தக் கடைசி மலையின் பெயர் ஆல்ப் துவேஸ். 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண்ணும், ஜெயித்தவர் பெயரும் போட்ட பலகை இருக்கும். உலகமே வியக்கும் மலை. நம்ம ஏற்காட்டுக்கு 20 வளைவு, கொல்லிமலைக்கு 70! பலகையும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. பெயர்தான் இன்னும் எழுதவில்லை.

ஏறும்போது வேகம் குறைவதால் காற்று மறைவு அதிகம் உதவாது. உதவியாளர்கள் ஒவ்வொருவராகக் களைத்துப் பின்தங்க, தலைவர் தன் சொந்தக் காலை நம்ப வேண்டியதுதான். அதனால்தான் மலை நாட்களில் பட்டம் முடிவாகிறது.

ஏமாற்றியவரும் உண்டு

"அதெல்லாம் ஊக்கமருந்து போட்டு ஓட்டுறதுதானேப்பா?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். மறைக்க முடியாது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்றார். ஊக்கமருந்து நிரூபணமாகி 2012-ல் ஏழும் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுக்கும் வெற்றியாளர் இடம் காலியாகவே கிடக்கிறது. ரசிகனுக்கு அது வருத்தம்தான். ஆனால் காப்பியடித்தவன் ஒருவன் என்பதற்காகப் பரீட்சையே பொய் ஆகிவிடுமா?

2024-ல் எரித்ரியா என்ற ஆப்பிரிக்க நாட்டின் பினியம் கிர்மாய் மூன்று நாள் ஓட்டங்களை வென்று பச்சைச் சட்டையும் பெற்றார். டூரில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். இதெல்லாம் ஐரோப்பியருக்கு மட்டும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

முதல் முறை பார்ப்பவர்களுக்கு

1. முதல் ஆளை மட்டும் பார்க்காதீர்கள். யார் முகத்தில் காற்று அடிக்கிறது என்று பாருங்கள்.
2. மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். பக்கக்காற்று என்றால் எல்லோரும் கோணலாக, படிக்கட்டு மாதிரி வரிசை கட்டுவார்கள். இடம் கிடைக்காதவர் பின்தங்கிவிடுவார்.
3. ஜெயித்தவர் கையைத் தூக்கியதும் நிறுத்திவிடாதீர்கள். அரை மணி கழித்து முகம் கறுத்து வந்து சேர்வார்களே, காலையில் தண்ணீர் சுமந்தவர்கள், அவர்களுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்.

பக்கத்திலேயே பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' உண்டு. அது தொழில்முறைப் பந்தயம் இல்லை, ஆர்வலர்களின் பயணம். 36 வளைவு உள்ள கல்லட்டி மலைப்பாதையில் அவர்கள் ஏறுவதைப் பார்த்தாலே கால் வலிக்கும்.

சிந்திக்க ஒரு கேள்வி: பந்தயச் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நமக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்படியானால் எடை நமக்கு அதிகத் தடையாக இருப்பது கொல்லிமலை ஏற்றத்திலா, நாமக்கல் சமவெளியிலா? ஏன்? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.



— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு