விளக்கக் கட்டுரை: பசளிக் கொடி

கொப்பி திருத்தும்போது ஒரு மாணவரின் வசனம் கண்ணிற் பட்டது: "மதியம் அம்மா பசளைக் கறி சமைத்தார்." எழுத்து ஒன்றுதான் மாறியது; பொருளோ உரக்கறியாகிவிட்டது! நம் நாட்டு வழக்கில் பசளை என்பது பயிருக்கு இடும் உரம். கறிக்கு உதவுவது பசளி. தமிழ்நாட்டார் இதனைப் பசலைக்கீரை என்பர். சங்க இலக்கியத்தில் வரும் பசலையோ பிரிவுத்துயரால் தலைவியின் மேனியில் தோன்றும் நிறவேறுபாடு. இவற்றை மாற்றி எழுதாதீர்கள்.

பசளி, சாறு நிறைந்த தண்டும் தடித்த இலையும் உடைய படர்கொடி. தாவரவியற் பெயர் பசெல்லா அல்பா. சிங்களத்தில் நிவித்தி எனப்படும். ஆங்கிலத்தில் 'சிலோன் ஸ்பினாச்' என்ற பெயரும் உண்டு. ஆயினும் இது ஸ்பினாச் அன்று. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. ஸ்பினாச் குளிரை விரும்பும், பசளி வெப்பத்தில் செழிக்கும். பச்சைத் தண்டுடையது, செந்நீலத் தண்டுடையது என இருவகைப் பசளி உண்டு.

யாழ்ப்பாணத்து வளவுகளில் இதற்கு ஏற்ற இடம் கிணற்றடி. குளிக்கும் நீர் ஓடும் வாய்க்காலோரம் ஒரு சாண் தண்டை நட்டால் கணுவில் வேர்விடும். பிறகு வேலிக் கதியாலில் ஏற்றிவிடலாம். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வரும். நீர் குறைந்தால் இலை சிறுத்துக் கொடி பூக்கத் தொடங்கும்.

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022இல் உணவுப்பொருள் விலை ஏறியதும் உங்களுக்குத் தெரிந்தவையே. 2022 யூனில் அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யவென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. பசளிக்கு யூரியா வேண்டியதில்லை. மாட்டெருவும் குப்பை எருவும் போதும். கையிற் பணமில்லாத வீட்டுக்கும் இரும்பு, கல்சியம், விற்றமின் சி, கரட்டீன் ஆகியவற்றை இக்கொடி தரும்.

அவை உடலிற் சேர்வது சமைக்கும் முறையிலும் தங்கியுள்ளது. பருப்பு நன்கு அவிந்த பின்னரே, பச்சைமிளகாய், வெங்காயம், உள்ளியுடன் இலையைப் போடவேண்டும். முன்னரே போட்டால் விற்றமின் சி அழியும். இலையிலுள்ள பசைப்பொருளால் கறியும் வழுவழுக்கும். (பலர் பசளியை வெறுப்பதற்கு இதுதான் காரணம், பழி கீரைக்கு!) தேங்காய்ப்பால் சுவைக்கு மட்டுமன்று; கரட்டீன் கொழுப்பிற் கரைவதால் அதனை உடல் உறிஞ்சவும் உதவும். இறக்கிய பின் தேசிக்காய்ப்புளி விடுவதும் காரணத்தோடுதான்: புளியிலுள்ள விற்றமின் சி, கீரையின் இரும்பை உடல் ஏற்கத் துணைசெய்யும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறையும். "காரணம் கூறுக" என்று வினா வந்தால் இவற்றை எழுதலாம். பசளியில் ஒட்சலேற்று இருப்பதால், சிறுநீரகக் கல் உள்ளோர் மருத்துவரைக் கேட்டு உண்பதே நன்று.

முற்றிய பழம் கருநீலமாக இருக்கும். நசித்தால் வரும் செந்நீலச் சாற்றை மையாக்கி எழுதி விளையாடாத பிள்ளைகள் முன்பு குறைவு. பீற்றூட்டுக்கு நிறந்தரும் அதே வகை நிறப்பொருளே இதிலும் உள்ளது. வெள்ளைச் சீருடையோடு மட்டும் பறிக்கப் போகாதீர்கள்.