பத்தாம் எண் சட்டை

மாலை வேளையில் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளில் நடந்தால், வெளிர்நீலமும் வெண்மையும் வரியிட்ட சட்டையணிந்த சிறுவர் சிலரேனும் எதிர்ப்படுவர். முதுகில் 10 என்னும் எண் இருக்கும். அஃது அர்ஜென்டினா நாட்டுக் கால்பந்து அணியின் சட்டை. இன்று அதில் மெஸ்ஸியின் பெயரைக் காண்கிறோம். அவருக்கு முன்பே அந்த எண்ணுக்குப் பெரும்புகழ் சேர்த்தவர் டியேகோ மரடோனா. 1960-இல் பிறந்தவர், ஏறத்தாழ என் வயதினர்.

அவர் ஆடிய இடம் நடுக்களத்துக்கும் முன்னணிக்கும் இடைப்பட்டது. கோல் அடிப்பது மட்டுமன்று, பிறருக்கு வழி திறப்பதும் அவ்விடத்தில் ஆடுவோர் பணி. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நாம் திகைத்து நிற்கையில், உள்ளூர்ப் பையன் எங்கே இடம் விலகும் என்பதை முன்னரே அறிந்து நழுவிப் போய்விடுவான் அல்லவா? அத்தகைய கண் வேண்டும். வில்லா ஃபியோரிட்டோ என்னும் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த மரடோனாவுக்கு அக்கண் இளமையிலேயே வாய்த்தது. 1976-இல், பதினாறு வயது நிறையப் பத்து நாள் இருக்கையிலேயே, முதற்பிரிவுப் போட்டியில் இறங்கிவிட்டார்.

1986 ஜூன் 22. மெக்சிகோவில் உலகக் கோப்பைக் காலிறுதி, எதிரணி இங்கிலாந்து. நான்காண்டுகட்கு முன்னர்தான் இவ்விரு நாடுகளும் பாக்லாந்துத் தீவுகளுக்காகப் போரிட்டு, அர்ஜென்டினா தோற்றிருந்தது. மரடோனா முதற் கோலைக் கையால் தட்டிவிட்டார், நடுவர் காணவில்லை. நான்கு நிமிடம் சென்றது. தம் பாதிக் களத்தில் பந்தைப் பெற்று, இடக்காலாலேயே உருட்டிச் சென்று, எதிரணியினரை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து, கோல்காப்பாளரையும் ஏமாற்றி இரண்டாவதை அடித்தார். எல்லாம் பத்து வினாடி அளவில் முடிந்தது. அர்ஜென்டினா வென்றது, கோப்பையும் அதற்கே கிட்டியது.

“இவரைப் போற்றலாமா, ஐயா?” என்று மாணவர் கேட்டதுண்டு. இரண்டு கோலையும் ஒரே மூச்சில் சொல்வது என் வழக்கம். முதலாவது ஏமாற்று, அதற்கு வேறு பெயரில்லை. 1991-இல் போதைப்பொருளால் தடைபெற்றதையும், 1994 உலகக் கோப்பையினின்று மருந்துச் சோதனையால் நீக்கப்பட்டதையும் மறைப்பதில்லை. ஆனால் இத்தாலியின் வளம் குன்றிய தென்பகுதியில், அதுவரை நாட்டுச் சாம்பியன் பட்டமே காணாத நாபோலி அணியை 1987-இலும் 1990-இலும் அப்பட்டம் பெறச் செய்தவரும் அவரே. 2020-இல் அவர் மறைந்தபின் நேப்பிள்ஸ் நகர அரங்குக்கு அவர் பெயரையே சூட்டினர்.

நம் நாட்டில், 1977-இல் பெலே வந்து ஆடியதைக் கண்ட கொல்கத்தா பிரேசில்மீது பற்றுக் கொண்டிருந்தது. 1986-இல் தொலைக்காட்சி மரடோனாவை வீட்டுக்குள் கொணரவே ஊர் இரண்டுபட்டது. மலபாரிலும் அவ்வாறே. 1956 ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற நம் அணி பின்னர்த் தளர்ந்தது. ஆர்வலர் பிறர் அணியைத் தமதாக்கிக் கொண்டனர். இங்கிலாந்தை வென்றவர் என்பதும் நம்மவர்க்கு இனித்திருக்கும் என்பது என் எண்ணம். கிரிக்கெட்டே கோலோச்சும் நம் திருச்சிராப்பள்ளியில் அத்துணை ஆரவாரம் இல்லை. 2008-இல் அவர் கொல்கத்தா வந்தபோது பெருங்கூட்டம் திரண்டது. 2012 அக்டோபரில் கண்ணூருக்கும் வந்தார். ஐம்பத்தோரு வயதில், கேரளத்தின் ஐ. எம். விஜயனுடன் சேர்ந்து பந்து தட்டிக் காட்டினார்.