கோழி மருந்தும் ருசுப் பொறுப்பும்

ஒரு வழக்கின் வெற்றி தோல்வி, ருசுப் பொறுப்பு எந்தக் கட்சியின் தலையில் விழுகிறது என்பதையே பெரும்பாலும் பொறுத்திருக்கிறது என்பது, நீதி ஸ்தலங்களில் பழகியவர்கள் நன்கறிந்த விஷயம். பொதுஜன சுகாதாரத்திலும் இதே கேள்வி எழுகிறது. ஒரு மருந்தினால் கெடுதி உண்டென்று ஜனங்கள் நிரூபிக்க வேண்டுமா, கெடுதி இல்லையென்று அதை விற்பவர்கள் நிரூபிக்க வேண்டுமா? கோழிகளுக்குக் கொடுக்கும் மருந்தொன்றைப் பற்றி அமெரிக்காவில் நடந்த வழக்கு இதற்குத் தெளிவான விடை அளிக்கிறது.

கோழிகளின் குடலில் காம்பைலோபாக்டர் என்னும் கிருமி வசிக்கிறது. அதனால் கோழிக்குப் பெரும்பாலும் யாதொரு உபத்திரவமும் இல்லை. சரியாக வேகாத கறியின் மூலமாகவோ, கறி நறுக்கிய பலகையில் பட்ட பச்சைக் காய்களின் மூலமாகவோ அது மனிதன் வயிற்றை அடைந்தால், சுரமும் வயிற்றுவலியும் பேதியும் உண்டாகின்றன. பெரும்பாலோர் மருந்தின்றியே குணமடைவர். நோய் கடுமையானால் ஸிப்ரோபிளாக்ஸஸின் முதலிய மருந்துகளை வைத்தியர்கள் கொடுப்பதுண்டு. அம்மருந்தின் நெருங்கிய இனமாகிய என்ரோபிளாக்ஸஸினைக் கோழிகளுக்குக் கொடுக்க, அமெரிக்க உணவு மருந்து இலாகா 1996-ல் அனுமதி அளித்தது.

பல்லாயிரம் கோழிகள் அடைபட்ட கொட்டகையில், நோயுற்றவற்றை மட்டும் தனித்தனியே பிடித்து மருந்து புகட்டுவது இயலாத காரியம். ஆகையால் மருந்தைக் குடி தண்ணீரில் கலந்து எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மருந்தைத் தாங்காத கிருமிகள் மடிகின்றன. தாங்க வல்லவை மிஞ்சி, போட்டியின்றிப் பெருகி, இறைச்சியோடு சமையலறைக்கு வந்து சேருகின்றன. பின்னர் நோயாளிக்கு அதே இன மருந்தைக் கொடுத்தால், கிருமி அதற்கு அடங்குவதில்லை.

இதைக் கண்ட இலாகா, அனுமதியை ரத்துச் செய்யப் போவதாக 2000 அக்டோபரில் அறிவித்தது. இதே வகை மருந்தை விற்ற அப்பாட் கம்பெனி தன் மருந்தை வாபஸ் பெற்றுக்கொண்டது. பேயர் கம்பெனியோ எதிர்த்து வாதாடியது. 2004 மார்ச்சில் நிர்வாக நியாயாதிபதி இலாகாவின் கட்சியை ஒப்புக்கொண்டார். தடை அமலுக்கு வந்தது 2005 செப்டம்பர் 12-ந் தேதி. கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவதைக் காரணமாகக் காட்டி அந்நாட்டில் ஒரு கால்நடை மருந்து விலக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

நாம் கவனிக்க வேண்டுவது அத்தீர்ப்பின் அடிப்படையாகும். மருந்தின் பாதுகாப்பைப் பற்றிப் பலமான சந்தேகத்துக்கு இடமுண்டு என்று புதிய சாட்சியத்தால் காட்டிவிட்டால் இலாகாவின் கடமை தீர்ந்தது. தீங்கு நேராதென்பதை நியாயமான நிச்சயத்துடன் நிரூபிக்கும் பொறுப்பு அதன்மேல் கம்பெனியைச் சார்ந்தது. கம்பெனியால் அது முடியவில்லை. கிரிமினல் வழக்கில் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. உணவு விஷயத்தில் அது உண்பவனுக்கே உரியது. இவ்வளவு நியாயமான சட்டம் இருந்தும், அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து வருஷம் கழிந்தது. அதுகாறும் மருந்து விற்பனையாகிக்கொண்டே இருந்தது.

நம் நாட்டு நிலைமை என்ன? டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம், அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாங்கிய 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டது. 100-க்கு 40 வீதம் மாதிரிகளில் கிருமிக்கொல்லி மருந்துகளின் மிச்சம் காணப்பட்டது. அமெரிக்கா விலக்கிய அதே என்ரோபிளாக்ஸஸினும் அவற்றுள் ஒன்று!

கொலிஸ்டின் விஷயம் இன்னும் விபரீதமானது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று வைத்தியர்கள் ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. வேறெதுவும் பலிக்காத நோயாளிகளுக்குக் கடைசிப் புகலாக மீண்டும் எடுக்கப்பட்டது. அத்தகைய மருந்தைக் கோழிகளின் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். அதற்கு அடங்காத தன்மையை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைமாற்றக்கூடும் என்பது 2015-ல் சீனாவில் கண்டுபிடிக்கப்பட்டது. உணவுக்கான பிராணிகளுக்கு அதை உபயோகிப்பதை இந்திய சர்க்கார் 2019 ஜூலையில் தடுத்தனர். தடையை வரவேற்கிறோம், ஆனால் இடையில் கழிந்த வருஷங்களை யார் ஈடு செய்வது?

நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே என்பது ஓர் ஆக்ஷேபணை. உண்மைதான். ஆனால் கத்தியையும் பலகையையும் யாரும் வேகவைப்பதில்லை. பண்ணையில் வேலை செய்வோரின் கைகளிலும், வயலுக்குப் போகும் கோழி எருவிலும் கிருமி பரவுகிறது. தடுத்தால் தொழில் நசிக்கும் என்பது மற்றொன்று. ஹாலந்து தேசத்தார் 2009-க்குப் பின் சில வருஷங்களிலேயே கால்நடைகளுக்குக் கொடுக்கும் இம்மருந்துகளைப் பாதிக்கு மேல் குறைத்தனர். அவர்களுடைய தொழில் நசித்துவிடவில்லை.

நோயுற்ற கோழிக்குச் சிகிச்சை கூடாதென்று நாம் சொல்லவில்லை. தடுப்பூசியும், சுத்தமான தண்ணீரும், ஈரமற்ற கொட்டகையும், கால்நடை வைத்தியரின் சீட்டும் முன்னே வரட்டும். மருந்து பின்னே வரட்டும். கடனை வாங்கிப் பண்ணை வைத்திருக்கும் சிறு குடியானவருக்கு இவை கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. மனிதருக்கு இன்றியமையாத மருந்தொன்றைப் பண்ணைக்கு விற்க விரும்புவோர், அதனால் தீங்கில்லையென்று முதலில் ருசுப்படுத்தட்டும். அப்பொறுப்பை, சுரத்தில் கிடக்கும் குழந்தையின் தலையில் சுமத்துவது எந்தச் சட்டத்துக்கும் அடுக்காது.