தாயில்பட்டி டூ கூடங்குளம்: ஒரு பேரியம் கதை

வெம்பக்கோட்டை பக்கம் தாயில்பட்டியில போய் ‘பேரியம் நைட்ரேட்’னு கேட்டா சிலர் யோசிப்பாங்க. ‘பச்சை உப்பு’ன்னு சொல்லுங்க, சட்டுனு புரிஞ்சிரும். வாணத்துக்குப் பச்சை நிறம் தர்ற உப்பு அது. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டப்போ, பட்டாசை நம்பி இருக்கற ஊர்களுக்கு அது சோத்துப் பிரச்னை ஆயிடுச்சு.

இதே பேரியம் ஒரு காலத்துல இயற்பியலையே புரட்டிப் போட்டிருக்கு, தெரியுமா பாஸ்?

1938 டிசம்பர், பெர்லின். ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரானால தாக்கிப் பார்த்தாங்க. கிடைச்சது பேரியம்! தலை சுத்திப்போன ஹான், ஹிட்லருக்குத் தப்பி ஸ்வீடன்ல இருந்த தோழி லீஸ் மைட்னருக்குக் கடிதம் போட்டார். மைட்னரும் அவரோட அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும் விடையைக் கண்டுபிடிச்சாங்க. அணுக்கரு ரெண்டாப் பிளந்திருக்கு! யுரேனியத்துல 92 புரோட்டான். பேரியத்துல 56, கிரிப்டான்ல 36. கூட்டிப் பாருங்க, கணக்கு சரியா வரும். ஆனா 1944-க்கான நோபல் பரிசு ஹானுக்கு மட்டும்தான்!

பட்டாசு வேற, அணு வேற

வாணம் வெடிக்கறப்போ அணுவோட வெளிப்பக்க எலெக்ட்ரான்கள்தான் இடம் மாறும். பேரியம் எரிஞ்ச பிறகும் பேரியமாவேதான் இருக்கும். கிடைக்கற சக்தி அணுவுக்குச் சில எலெக்ட்ரான் வோல்ட். யுரேனியம் பிளந்தா சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்! அம்மாடியோவ்!

ஒரு பிளவுல ரெண்டு, மூணு நியூட்ரான் தெறிக்கும். அதெல்லாம் அடுத்தடுத்த அணுவைப் பிளந்தா 1, 2, 4, 8-னு பெருகும். அது அணுகுண்டு. கூடங்குளம் ரியாக்டர்ல கட்டுப்பாட்டுக் கம்பிகள் உபரி நியூட்ரானை விழுங்கிடும். ஒரு பிளவு இன்னொரு பிளவை மட்டும் பத்தவைக்கும், நம்ம சரவெடி மாதிரி!

அணையாத திரி

பட்டாசு மருந்து எரிஞ்சு தீர்ந்தா கதை முடிஞ்சது. ரியாக்டர்ல அப்படி இல்லை. பிளந்து விழுந்த துண்டுகள் நிலையில்லாதவை. கதிர்களை வீசிக்கிட்டே வேற தனிமமா மாறும். இதுதான் கதிரியக்கச் சிதைவு. பாதி அணுக்கள் மாற ஆகற காலம் அரை ஆயுள். அயோடின்-131க்கு 8 நாள், சீசியம்-137க்கு 30 வருஷம். சூடாக்கினாலும் குளிர வச்சாலும் அது மாறாது. 2011-ல ஃபுகுஷிமாவுல பிளவு நின்ன பிறகும், இந்தச் சிதைவோட சூட்டைத் தணிக்க முடியாமத்தான் எரிபொருள் உருகிச்சு.

அதனால கூடங்குளத்தை ஆதரிங்க, எதிருங்க, அது உங்க இஷ்டம். ‘பெரிய பட்டாசு’ன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. பச்சை உப்போட ஆபத்து ரசாயன விஷம். ரியாக்டர் கழிவோட ஆபத்து காலம்.

சரி, அந்தச் சீசியத்துல 55 புரோட்டான். சிதையறப்போ ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறும். 55 கூட 1 சேர்ந்தா 56. யாருன்னு தெரியுதா?

நம்ம பேரியமேதான்!