நாடித்துடிப்பு – 7: மலையிறங்கும் நோயாளிகள்

மீனாட்சிபுரத்தில் ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும்? ஊர் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில். ஆனால் செக்போஸ்ட்டைத் தாண்டித் தென்னந்தோப்புகளின் ஊடே கொஞ்சம் போனால் பொள்ளாச்சி வந்துவிடும். பாலக்காடு அதைவிட வெகுதூரம். டாக்டரிடம் தமிழிலேயே வலியைச் சொல்லலாம் என்பதும் பெரிய விஷயம்.

இடுக்கியில் நிலைமை இன்னும் கடினம். வண்டிப்பெரியாறு, குமுளி எஸ்டேட்டுகளில் தலைமுறைகளாகத் தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால், ஒன்று மேற்கே இறங்கிக் கோட்டயம். அல்லது கிழக்கே கம்பம் வழியாகத் தேனி மருத்துவக் கல்லூரி. அதை அந்தப் பக்கத்து மக்கள் ‘க.விலக்கு ஆஸ்பத்திரி’ என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும்.

இடுக்கிக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி வராமலில்லை. 2014இல் 50 இடங்களுடன் தொடங்கியது. இரண்டு ஆண்டு மாணவர்கள் சேர்ந்தார்கள். 2016இல், போதிய வசதியும் ஆசிரியர்களும் இல்லையென்று இந்திய மருத்துவக் கவுன்சில் அனுமதி மறுத்தது. சேர்ந்த பிள்ளைகள் வேறு அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள். மறுபடி 100 இடங்களுக்கு அனுமதி கிடைக்க 2022 ஆயிற்று. கட்டடத்தை எங்கும் எழுப்பிவிடலாம். பேராசிரியரை மலையில் தங்கவைப்பதுதான் பாடு.

நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் 2014இல் ஏறத்தாழ 51 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனாலும் ஒன்றிய அரசின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரப்படி, கிராமப்புறச் சமூக சுகாதார நிலையங்களில் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஐந்தில் நான்கு பங்கு இல்லை.

இந்தப் பற்றாக்குறை நடைமுறையில் எப்படியிருக்கும்? மகப்பேறு மருத்துவர் தனியாகச் சிசேரியன் செய்துவிட முடியாது. மயக்க மருந்து டாக்டர் வேண்டும். பிறக்கும் பிள்ளையை வாங்கிப் பார்க்கக் குழந்தை மருத்துவர் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ரத்தம் வேண்டும். மூவரில் ஒருவர் மாற்றலாகிப் போனால், மற்ற இருவர் இருந்தும் கர்ப்பிணியின் கையில் ‘ரெஃபர்’ சீட்டுதான். மிஞ்சியவர்களில் ஒருவர் எல்லா ராத்திரியும் தானே டியூட்டி பார்த்துக் களைத்து, தானும் மாற்றல் கேட்பார். அவரைச் சுயநலக்காரர் என்று திட்டுவது நியாயமில்லை. குவார்ட்டர்ஸ் ஒழுகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தூரம், கணவனுக்கோ மனைவிக்கோ அங்கே வேலை கிடையாது என்றால் யார்தான் தங்குவார்கள்?

பக்கத்து மாநில ஆஸ்பத்திரியை நம்பி வாழ்வது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கர்நாடக எல்லையிலுள்ள காசர்கோடு 2020 மார்ச்சில் கண்டது. கொரோனாவைக் காட்டிக் கர்நாடகம் சாலைகளில் மண்ணைக் கொட்டி எல்லையை அடைத்தது. மங்களூரு ஆஸ்பத்திரிகளுக்குப் போக முடியாமல் நோயாளிகள் உயிரிழந்தார்கள். தடையை நீக்க வழி செய்யும்படி கேரள உயர்நீதிமன்றம் ஏப்ரல் 1இல் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட வேண்டிவந்தது.

பலன் தந்த முயற்சிகளும் உண்டு. கேரளம் 2017இல் தொடங்கிய ‘ஆர்த்ரம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார மையங்களாக மாறின. புறநோயாளிப் பிரிவு மாலை 6 மணி வரை நடக்கிறது. காட்டு வேலை முடித்து வருகிறவருக்கு அந்த மாலை நேரம் ஒரு நாள் கூலிக்குச் சமம்.

தமிழ்நாட்டின் வழி வேறு. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தரலாமா என்ற வழக்கைத் தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்ட் 31இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கிராமத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தால் எம்.டி. கனவு கலைந்துவிடும் என்று பயந்த இளைஞருக்கு, அந்தக் கிராமமே எம்.டி.க்கு வழியானது. அவர் திரும்பி வரும்போது மயக்க மருந்து டாக்டராகவோ குழந்தை மருத்துவராகவோ வருவார்.

அவர் எந்த ஊருக்கு வருவார், உடன் யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்வது மாற்றல் கவுன்சலிங். அந்த அறைக்குள் அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)