ரோந்து வண்டியில் கணிப்பொறி: வாகனத் திருட்டைத் துலக்குமா?

சந்தேகத்திற்குரிய மோட்டார் வண்டியொன்றைக் காணும் அமெரிக்க ரோந்துப் போலீஸார், முற்காலத்தில் ரேடியோ மூலம் நிலையத்தை அழைத்துப் பதிவெண்ணைக் கூறி விடைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1967-ஆம் ஆண்டில் அந்நாட்டின் எப்.பி.ஐ. இலாகா, களவுபோன வாகனங்களின் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றியது. பின்னர் ரோந்து வண்டியிலேயே திரையும் விசைப்பலகையும் பொருத்தப்பட்டன. பதிவெண்ணைத் தட்டினால் விடை உடனே தோன்றும். பலகையைத் தானே படித்தறியும் காமிரா முறை 1976-ல் பிரிட்டனில் உருவாக்கப்பட்டது.

இவற்றால் வேலை விரைவாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் விரைவு வேறு, துப்புத் துலங்குதல் வேறு.

யந்திரம் செய்வது ஒப்பிடுதல் மட்டுமே. பட்டியலில் ஏறாத எண்ணை அது அறியாது. இரவில் களவுபோன வண்டியை உரிமையாளர் காலையில்தான் தேடுகிறார். அவர் புகார் கொடுக்கும் வரையில், அவ்வண்டி போலீஸாரின் கண்முன்னே சென்றாலும் கணிப்பொறி வாளாவிருக்கும். அதே மாதிரி வண்டியொன்றின் எண்ணைப் போலிப் பலகையில் எழுதி மாட்டினால், "குற்றமில்லை" என்றே விடை வரும். பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்ட வண்டிக்குப் பலகையே கிடையாது.

வண்டி அகப்பட்டாலும் திருடன் அகப்படுவான் என்பதில்லை. சாலையோரத்தில் கைவிடப்பட்ட வண்டியைக் கண்டெடுப்பது மீட்பு. திருடனைக் கண்டுபிடிப்பதே துலக்கம். கணக்கு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடுவதால்தான் கருவியின் புகழ் சில வேளைகளில் அளவுக்கு மீறிப் போகிறது.

அரிசோனா மாநிலத்து மேஸா நகரில் காமிராக் கருவி கட்டுப்பாட்டுச் சோதனை முறையில் ஆராயப்பட்டது. 2012-ல் வெளியான அவ்வாய்வின்படி, கையால் எண்ணைச் சரிபார்ப்பதைவிடக் கருவி பன்மடங்கு பலகைகளைப் பார்த்தது. களவு வண்டிகளையும் மிகுதியாகக் காட்டிற்று. ஆயினும் கருவியோடு ரோந்து சென்ற பகுதிகளில் அதனால் திருட்டுக் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆகையால் பலகையின் நம்பகத்தன்மை முக்கியமாகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயமாயிற்று. கழற்றினால் மீண்டும் பயன்படாத பூட்டும், லேசரால் பொறித்த தனி அடையாள எண்ணும் அதில் உண்டு. அதுவும் ஐயத்திற்கிடமாயின், சேஸிஸில் பொறிக்கப்பட்ட எண்ணைப் பதிவுச் சான்றிதழிலுள்ள எண்ணுடன் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கவேண்டும். அராவி மீண்டும் பொறித்த இடத்தில் எழுத்துக்களின் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக இருப்பதில்லை. விரலால் தடவினாலே பெரும்பாலும் தெரியும்.