இசை அறையில் ஒரு புதிய பெட்டி



தனுஷ்கோடி மணல் திட்டின் நடுவே நின்றால் இரு புறமும் கடல். வடக்கே உள்ளதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் உள்ளதை ஆண் கடல் என்றும் நம் பகுதி மக்கள் அழைப்பர். பெண் கடல் மெல்லச் சலசலக்கும். ஆண் கடல் 'கும்' என்று அதிரும். அந்த அதிர்வைக் காது மட்டுமல்ல, நெஞ்சும் கேட்கும். நம் இசை அறையில் இருந்த இரண்டு சிறிய ஸ்பீக்கர்களுக்கும் பெண் கடலின் குரல் மட்டுமே உண்டு என்பதைச் சென்ற ஆண்டுதான் நாங்கள் அறிந்தோம்.

நம் மிருதங்க ஆசிரியர் ஓய்வு பெற்றபோது, தம் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவிட்டுச் சென்றார். புதிய ஆசிரியர் வரும்வரை ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைகள் அந்தப் பதிவைக் கேட்டே பயில வேண்டும். அதில் வலந்தலையின் ஒலி தெளிவாகக் கேட்டது. இடப்புறமாகிய தொப்பியின் ஒலியோ கேட்கவே இல்லை. ஒலி தாழ்ந்து முழங்க வேண்டும் என்பதற்காகத்தானே தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார்கள்! அந்த முழக்கமே காணாமற் போயிற்று. "சார் இடது கையைச் சும்மா வைத்திருந்தாரா, அக்கா?" என்று ஒரு தங்கை கேட்டாள்.

இதை அறிந்த பழைய மாணவியர், 'பவர்டு சப்வூஃபர்' என்னும் பெட்டியொன்றை அன்பளிப்பாக அளித்தனர். அதை இணைக்கும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களிடம் வந்தது. "ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போனால் வேறு வாங்கப் பணமில்லை, பிள்ளைகளே! பார்த்துச் செய்யுங்கள்" என்றார் சிஸ்டர்.

சப்வூஃபர் என்றால் என்ன?

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஆகவே 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கும் அதிகம். அது ஒரு வகுப்பறையின் நீளம்! இவ்வளவு பெரிய அலையை எழுப்ப மிகுந்த காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கை அளவுள்ள ஸ்பீக்கரால் அது இயலாது. 1974-இல் வெளிவந்த 'எர்த்குவேக்' என்னும் ஆங்கிலப் படத்துக்காகச் சில திரையரங்குகளில் பெரிய தாழ்தொனி ஸ்பீக்கர்களை வைத்து, நிலநடுக்கத்தை உடலே உணரும்படி செய்தார்கள். அந்த வேலையை வீட்டளவில் செய்வதே சப்வூஃபர். மிகத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் அறியாது. ஆகையால் இரு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து ஒரு சப்வூஃபரே போதும்.

'பவர்டு' என்றால், பெட்டிக்குள்ளேயே அதற்கென ஓர் ஆம்ப்ளிஃபையர் உண்டு என்று பொருள். இங்கேதான் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அது நம் ஆம்ப்ளிஃபையரிடம் பலத்தைக் கேட்பதில்லை. பாட்டு இன்னது என்னும் தகவலை மட்டுமே கேட்கிறது.

நாங்கள் செய்த பிழை

ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 'சப் அவுட்' அல்லது 'பிரீ அவுட்' என்ற துளை இருந்தால் வேலை எளிது. அதிலிருந்து சப்வூஃபரின் 'லைன் இன்' துளைக்கு ஒரு ஒயரைச் செருகினால் போதும். எங்களுடைய பழைய ஆம்ப்ளிஃபையரில் அவை இல்லை. 'டேப் அவுட்' என்ற துளை இருந்தது. ஆர்வக் கோளாறில் அதில் செருகினோம். முழக்கம் வந்தது! ஆனால் வால்யூம் குமிழைத் திருப்பியபோது சிறிய ஸ்பீக்கர்கள் அடங்கின, சப்வூஃபர் அடங்கவில்லை. டேப் அவுட் துளை வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படாது என்பதை அப்போதுதான் கற்றோம்.

இசை அறைச் சுவருக்கு அப்பால் வயதான சிஸ்டர் ஒருவர் உடல்நலமின்றிப் படுத்திருந்தார். தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து செல்லக்கூடியது. "கட்டில் நடுங்குகிறதம்மா" என்று அவர் சொல்லியனுப்பினார். நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம்.

சரியான வழி

எங்கள் சப்வூஃபரில் 'ஹை லெவல் இன்புட்' என்ற முனைகளும் இருந்தன. ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் அதே முனைகளிலிருந்து இன்னொரு சோடி ஒயரை எடுத்து இவற்றில் மாட்ட வேண்டும். பழைய ஸ்பீக்கர்களும் அப்படியே இருக்கும்.

இதனால் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை கூடாதா? நம் பாடத்தில் உள்ள ஓம் விதியே விடை தருகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும்போது மின்னழுத்தம் 20 வோல்ட். மின்னோட்டம் இரண்டரை ஆம்பியர். சப்வூஃபர் முனையின் தடையோ ஆயிரக்கணக்கான ஓம். அதை 10,000 ஓம் என்று கொண்டால் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியரே. யானை மீது ஈ அமர்ந்தாற் போல!

ஆனால் இதே ஸ்பீக்கர் ஒயரை 'லைன் இன்' துளையில் இணைக்கவே கூடாது. ஓரிரு வோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் 20 வோல்ட் பாய்ந்தால் கருவி கெட்டுவிடும். சப்வூஃபரில் 'லைன் இன்' மட்டுமே இருந்தால், மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் 'லைன் அவுட்புட் கன்வர்ட்டர்' என்னும் சிறு கருவியை இடையில் வைக்க வேண்டும்.

நாங்கள் பின்பற்றிய முறை இது:

1. இரு கருவிகளையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றினோம்.
2. கையேட்டைப் படித்தோம். சில ஆம்ப்ளிஃபையர்களில் இரண்டு கறுப்பு முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.
3. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என மாட்டினோம். ஒரு செம்பு இழைகூட அடுத்த முனையைத் தொடாதபடி முறுக்கினோம்.
4. சப்வூஃபரின் வால்யூமை மிகக் குறைத்து வைத்தே மின்சாரம் கொடுத்தோம்.
5. 'கிராஸோவர்' குமிழைப் பலரும் 80 ஹெர்ட்ஸில் வைப்பர். எங்கள் ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்பதால் 100-இல் வைத்தோம்.
6. 'ஃபேஸ்' சுவிட்சை 0, 180 என மாற்றிப் பார்த்து, எதில் தொப்பி ஒலி நிறைவாகக் கேட்டதோ அதில் விட்டோம்.

எங்கே வைப்பது? மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். சில நேரம் திகட்டும். எனவே சப்வூஃபரை நாம் அமரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, எங்கே ஒலி சீராகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கேயே பிறகு பெட்டியை வைக்க வேண்டும். நாங்கள் தவழ்ந்ததைக் கண்டு தங்கைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது!

'உம்' என்ற இரைச்சல் வந்தால் இரு கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் மாட்டிப் பார்க்கலாம். இரைச்சலைப் போக்குவதற்காக எர்த் முள்ளை நீக்குவது உயிருக்கே ஆபத்து.

நம் கடற்கரையில் இன்னொரு பகைவனும் உண்டு; அது உப்புக் காற்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அதனோடுதான் நெடுங்காலம் போராடியது. 2025-இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் சிறப்புப் பூச்சு அளித்திருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே அப்படியென்றால் மெல்லிய ஒயர் முனை எம்மாத்திரம்? மாதம் ஒருமுறை முனைகளைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைக்கிறோம். கறுத்த இழையை வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்குகிறோம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கைக் கழற்றிவிடுகிறோம்.

எல்லாம் முடிந்து பதிவைப் போட்டோம். 'தொம்' என்று தொப்பி பேசியது. முன்பு கேள்வி கேட்ட தங்கையின் இடது கை தானாகவே மடியில் தாளமிட்டது. சப்வூஃபர் இருப்பதே தெரியவில்லை, மிருதங்கம்தான் தெரிந்தது. அதை நிறுத்திய போதுதான் அதன் அருமை புரிந்தது.

இப்போது பயிற்சி மாலை ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். தொடங்குமுன் ஒருத்தி சுவருக்கு அப்பால் சென்று, சிஸ்டரின் கட்டில் விளிம்பில் கை வைத்துப் பார்ப்பாள். அது அதிராத அளவே எங்கள் அளவு. சென்ற வாரம் பயிற்சி இல்லாத நாளில் அந்த சிஸ்டரே, "இன்று மிருதங்கம் இல்லையா?" என்று கேட்டனுப்பினார்.

– பத்தாம் வகுப்பு மாணவியர்